மூதூர் 2006: சில நாள் சண்டை, இருபது ஆண்டுக் காத்திருப்பு

இலங்கையின் இறுதிக்கட்டப் போர் எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலரும் மாவிலாறு என்பார்கள். மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்ட சில நாட்களில் போர் புகுந்த ஊர் மூதூர். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சிறிய ஊர். 2026 ஆகஸ்டுடன் அந்த நாட்களுக்கு இருபது ஆண்டுகள் நிறைவடைகின்றன.

2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த ஒப்பந்தம் அப்போதும் காகிதத்தில் இருந்தது. 2006 ஜூலை பிற்பகுதியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்த மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டு, வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. அரசு விமானத் தாக்குதலில் இறங்கியது. ஆகஸ்ட் 2ஆம் திகதி அதிகாலை புலிகள் மூதூருக்குள் நுழைந்தனர்.

ஊருக்குள் புலிகள், ஊரை நோக்கி அரச படையின் ஷெல்கள். மக்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் தேடினர். அரபுக் கல்லூரி ஒன்றில் தஞ்சமடைந்திருந்தவர்கள் ஷெல் வீச்சில் அங்கேயே உயிரிழந்தனர். ஆகஸ்ட் 4ஆம் திகதி ஊரே கால்நடையாக வெளியேறியபோது, புலிகள் வழிமறித்து இளைஞர்களைத் தனியாகப் பிரித்தனர். அந்த வழியிலும் உயிர்கள் போயின. 40,000க்கும் மேற்பட்டோர் கந்தளாயிலும் சுற்றுப்புறங்களிலும் அகதிகளானார்கள்.

அதே 4ஆம் திகதியை ஒட்டி, மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஏ.சி.எஃப். வளாகத்தில் 17 பணியாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். 16 பேர் தமிழர்கள், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவ வந்தவர்கள் அவர்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு இக்கொலைகளுக்கு அரச படையினரே பொறுப்பு என்றது; அரசு மறுத்தது. ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அதனைக் கண்காணிக்க, இந்திய முன்னாள் பிரதம நீதியரசர் பி.என். பகவதி தலைமையில் வந்த சர்வதேச நிபுணர் குழு, உண்மையைக் கண்டறியும் அரசியல் விருப்பம் அரசிடம் இல்லை என்று கூறி 2008இல் விலகியது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

மூதூர் ஏன் மறக்கப்பட்டது? அரசின் போர் வரலாற்றுக்கு மாவிலாறு ஒரு வெற்றிக் கதை. அதில் ஷெல் விழுந்த அரபுக் கல்லூரிக்கு இடமில்லை. புலிகளின் தரப்பை மட்டும் பேசுவோருக்கு, வழிமறிக்கப்பட்ட முஸ்லிம்களின் கதை சங்கடமானது. இரு தரப்புக்கும் உதவாத சாட்சியை இரு தரப்பும் கைவிட்டன.

இந்த இடத்தில் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் வந்தால் நம் ஜனாஸாக்களை நினைத்து துஆச் செய்கிறோம். அந்தப் பதினேழு பேரை நினைக்கிறோமா? பக்கத்துச் சம்பூரில் இருந்து அதே ஆண்டு இடம்பெயர்ந்த தமிழ் மக்கள், தம் காணிகளுக்காக ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முகாம்களில் காத்திருந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியின் பக்கம் நின்று சாட்சி சொல்லுமாறு சூரா அந்நிஸாவின் 135ஆவது வசனம் நம்மைப் பணிக்கிறது. நம் இழப்பை மட்டும் பேசினால் அது முறைப்பாடு. எல்லோருடைய இழப்பையும் பேசினால்தான் அது சாட்சியம்.

செய்யக்கூடியது நம் கையில் இருக்கிறது. அன்று பிள்ளையைத் தோளில் தூக்கி நடந்த தந்தைமார் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களோடு அந்த நாட்களின் நினைவும் மண்ணுக்குள் போய்விடும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் குடும்பம் குடும்பமாகச் சென்று பெயர், இடம், திகதி, நேர்ந்தது என்ன என்பதை எழுதி வைக்கட்டும். யார் சுட்டார் என்பது தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதட்டும். நாளை ஒரு நேர்மையான விசாரணை வந்தால், வெறுங்கையோடு போகாமல் இருக்க இதுவே வழி.

மூதூரில் உயிரிழந்த அனைவருக்கும் நீதி கிடைக்கவும், மண்ணறையில் இருக்கும் நம் சகோதரர்களின் பிழைகள் மன்னிக்கப்படவும் வல்ல அல்லாஹ்விடம் பிரார்த்திப்போம்.