பதிவேட்டைப் பார்த்தீர்கள், கழிப்பறையைப் பார்த்தீர்களா?

முதியோர் இல்லம் என்றதும் நம் பட்டிமன்றங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் நினைவுக்கு வருவது அமெரிக்காவில் இருக்கும் மகனும், இங்கே ஜன்னலோரம் அழும் தாயும்தான். அந்த அழுகை பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாவட்டங்களில் நாங்கள் போய்ப் பார்க்கும் இலவச இல்லங்களில் படுத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவில் யாரும் இல்லை. பேருந்து நிலையத்திலிருந்தும், அரசு மருத்துவமனை வாசலிலிருந்தும், கோயில் படிக்கட்டிலிருந்தும் அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் துப்புரவு வேலையிலும் உடம்பைத் தேய்த்தவர்கள். பெயரைக் கேட்டால் சொல்வார்கள். ஊரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருவைக் கேட்டால் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எதற்கென்று நமக்குத் தெரியும்.

இவர்களை வைத்திருக்கும் இல்லங்களை அரசு எப்படி ஆய்வு செய்கிறது?

நாங்கள் பார்த்தவரை அது இப்படித்தான் நடக்கிறது. இரண்டு நாள் முன்பே தொலைபேசி வரும். தரை ஃபினாயில் போட்டுக் கழுவப்படும். பீரோவில் இருந்த புதுப் போர்வைகள் கட்டிலுக்கு வரும். அதிகாரி பதினோரு மணிக்கு வருவார், அலுவலக அறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, நன்கொடை ரசீது எல்லாவற்றையும் பார்ப்பார். பிறகு கூடத்தில் ஒரு சுற்று. நிர்வாகி பக்கத்தில் நிற்கும்போதே, "எப்படி இருக்கீங்க, நல்லா கவனிச்சுக்கறாங்களா?" என்று ஒரு கேள்வி. அதற்கு யார், என்ன பதில் சொல்ல முடியும்? அன்றிரவும் அதே கட்டிலில்தான் படுக்க வேண்டும். ஒரு புகைப்படத்தோடு ஆய்வு முடிந்துவிடும்.

அதிகாரிகள் எல்லோரும் மோசமானவர்கள் என்பதல்ல நம் வாதம். ஒரு மாவட்டச் சமூக நல அலுவலருக்கு வரதட்சணை வழக்கு, குழந்தைத் திருமணத் தடுப்பு, பெண்கள் விடுதி, திருமண உதவித் திட்டம் என்று தலைக்கு மேல் வேலை இருக்கிறது. அதற்கு நடுவே முதியோர் இல்லம். சட்டமே அவருக்குப் பெரிதாக எதையும் கையில் கொடுக்கவில்லை என்பதுதான் முதல் கோளாறு.

குழந்தைகள் இல்லத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் பதிவு செய்தே ஆகவேண்டும். செய்யாவிட்டால் நடத்துபவருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. ஆய்வுக் குழுவில் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும், ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2014இல் தனிச் சட்டமே வந்தது. இவையெல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்பது வேறு கதை; ஆனால் நடக்கவில்லை என்றால் இந்தப் பிரிவின்படி ஏன் நடக்கவில்லை என்று கேட்க ஒரு பிடி இருக்கிறது.

முதியோருக்கு இருப்பது பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெறுவதைப் பற்றியும், எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்குவதைப் பற்றியும் அது விரிவாகப் பேசுகிறது. சொத்து இருப்பவர்களின் சட்டம் என்று சொன்னால் கோபிப்பார்கள், ஆனால் படித்துப் பாருங்கள். ஏதுமற்ற முதியவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில், மாநில அரசு இல்லம் 'அமைக்கலாம்' என்கிறது 19ஆவது பிரிவு. 'அமைக்க வேண்டும்' என்று அல்ல. அந்த இல்லங்களின் தரத்தையும் சேவைகளையும் அரசு 'வகுக்கலாம்'. இந்த 'லாம்' என்ற ஓரெழுத்து ஈரெழுத்து விஷயத்தில்தான் பல ஆயிரம் பேரின் முதுமை தொங்கிக்கொண்டிருக்கிறது. 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை முதியோர் இல்லங்கள் இருக்கின்றன என்ற விவரத்தை மாநிலங்களிடமிருந்து திரட்டித் தரும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோரு வருடம் கழித்து, எண்ணிக்கைக்கே நீதிமன்ற உத்தரவு! இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகமானது. அது சட்டமாகவில்லை.

விளைவு என்ன? நம் மாநிலத்தில் இல்லங்களின் கதவை ஆய்வு திறப்பதில்லை, விபத்துதான் திறக்கிறது. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஒரு காப்பகத்தின் வேனில் காய்கறியோடு ஒரு பிணமும் உயிருள்ள முதியவர்களும் ஏற்றிச் செல்லப்பட்டதைச் சாலையில் மக்கள் மறித்ததால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். இறந்தவர்களைக் கான்கிரீட் அறைகளில் அடுக்கிவைக்கும் முறை அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்த காப்பகம் வெளிச்சத்துக்கு வந்தது எப்படி? வெளிநாட்டில் இருந்த ஒருவர், அங்கே சேர்க்கப்பட்ட தன் முதிய உறவினர் எங்கே என்று கேட்டு, பதில் கிடைக்காமல், அவர் தரப்பில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டதால். தேடிவர ஒரு ஆளும், வழக்குப் போட வசதியும் இருந்தது. தேடிவர யாரும் இல்லாதவர்களுக்கு அந்த ஆளாக இருக்க வேண்டியதுதான் ஆய்வாளரின் வேலை என்கிறோம் நாம்.

அப்படியென்றால் எதைப் பார்க்க வேண்டும்? கழிப்பறையை முதலில். படுக்கையிலிருந்து எத்தனை அடி, நடுவில் படி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறதா, ராத்திரி விளக்கு எரிகிறதா. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் கீழே விழுவதால்தான். ஏழை இல்லத்தில் முறிந்த இடுப்பு என்றால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும், பிறகு படுக்கை, பிறகு படுக்கைப்புண், பிறகு காய்ச்சல். பதிவேட்டில் 'வயது மூப்பு' என்று எழுதியிருக்கும். எனவே போர்வையை விலக்கி முதுகைப் பார்க்க வேண்டும். படுக்கைப்புண்ணைப் போல உண்மை பேசும் ஆவணம் எதுவும் அலுவலக அறையில் இல்லை.

அடுத்து இரவு. பகல் பதினோரு மணிக்குப் போனால் இரவு தெரியாது. ஓர் இல்லத்தில் நாங்கள் ஒரு மூதாட்டியிடம், "ஆயா, ராத்திரி அவசரம்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டோம். "யாரைக் கூப்புடறது கண்ணு, அந்தப் பொண்ணு வெளிய பூட்டிக்கினு போய்டும். காலைல வந்து தொறக்கும்" என்றார், ஏதோ சாதாரண விஷயம்போல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. சங்கிலி போய்விட்டது. வெளிப்பக்கம் பூட்டு இருக்கிறது.

பிறகு பணம். முதியோர் உதவித்தொகை இன்று மாதம் 1,200 ரூபாய். இல்லத்துக்கு வந்தபின் அந்தப் பணத்தை யார் எடுக்கிறார்கள், பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் ஆதார் அட்டையும் யார் பீரோவில் இருக்கின்றன? பிறகு இறப்பு. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டையும் ஊராட்சியின் இறப்புப் பதிவையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வந்தவர்கள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, காணாமல் போனவர்கள் எத்தனை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதற்குப் பெரிய நிபுணத்துவம் எதுவும் வேண்டாம்.

சாதி எந்த ஆய்வுப் படிவத்திலும் இல்லை. 'பிராமணர்களுக்கு மட்டும்' என்று வெளிப்படையாக விளம்பரம் செய்யும் முதியோர் இல்லங்கள் இந்தத் தமிழ்நாட்டில் உண்டு. சமூக நீதி மண் என்று சொல்லிக்கொண்டே அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போகிறோம். எல்லோருக்கும் பொது என்று சொல்லும் இல்லங்களிலும் பந்தி எப்படி நடக்கிறது, யார் தட்டு எங்கே அடுக்கப்படுகிறது, யாருக்குக் கடைசிக் கட்டில் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பொதுமக்களுக்கான மருத்துவமனையிலோ விடுதியிலோ தீண்டாமையின் பேரில் அனுமதி மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முதியோர் இல்லத்தில் இதை யாராவது ஒருமுறை கேட்டிருக்கிறார்களா?

அங்கே வேலை செய்யும் பெண்களையும் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவர்கள், நம் பெண்கள். முப்பது பேருக்கு ஒருத்தி. கையுறை கிடையாது, மாதம் 8,000 ரூபாய், பி.எஃப். என்ற பேச்சே இல்லை. அவள் கையால் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் சில பெரியவர்கள், மலம் துடைக்க அவள் கை வருவதை மட்டும் மறுப்பதில்லை. ஏதாவது அசம்பாவிதம் நடந்து ஆய்வு வந்தால் முதலில் வேலையை இழப்பவளும் அவள்தான். அறக்கட்டளையின் தலைவர் மாலையோடு மேடையில் இருப்பார். இல்லத்தின் தரத்தை அளப்பதென்றால் ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஆள், என்ன சம்பளம், என்ன பயிற்சி என்பதையும் அளக்க வேண்டும். களைத்துப்போன ஒருத்தியால் முப்பது பேரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாது.

இவ்வளவு கெடுபிடி செய்தால் நடத்துகிறவர்கள் மூடிவிடுவார்கள், கிழவர்கள் தெருவுக்குத்தான் வருவார்கள் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இந்தக் கவலையை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. பத்துப் பேருக்குத் தன் ஓட்டு வீட்டில் கஞ்சி ஊற்றும் ஒரு நல்ல மனுஷியை, அகலக் குறைவான வாசலுக்காக மூடச் சொல்வது அராஜகம்தான். அவருக்குக் கைப்பிடிக் கம்பியும் ஒரு செவிலியரின் வாராந்திர வருகையும் அரசு தரட்டும். ஆனால் கருணையால் நடத்துகிறோம், எனவே கேள்வி கேட்காதே என்பதை மட்டும் ஏற்க முடியாது. கூலி இல்லாமல் போட்டதைத் தின்றுவிட்டுக் கும்பிட்டு நில் என்று நம் பாட்டன்களிடம் சொன்ன அதே குரல் அது. கோவையைச் சுற்றி வளரும் கட்டண ஓய்வு இல்லங்களில் கட்டிலருகே அவசர மணி வைக்கிறார்கள். ஓய்வு இல்லங்களுக்கென்று 2019இல் ஒன்றிய அரசு மாதிரி வழிகாட்டுதலும் வெளியிட்டது. காசு கொடுத்தவருக்கு அது உரிமை, காசில்லாதவருக்குப் பூட்டு!

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களுக்குச் சொல்லாமல் போய் ஆய்வு செய்யும் ஆணையம் ஒன்று இருக்கிறது. தர மதிப்பீட்டை இல்லத்தின் வாசலிலேயே ஒட்ட வேண்டும், அறிக்கையை யாரும் படிக்கலாம். அங்கேயும் ஊழல்கள் நடக்காமல் இல்லை, அதைச் சொர்க்கம் என்று நாம் நினைக்கவில்லை. இங்கே அறிக்கை என்ற ஒன்று எழுதப்பட்டதா என்பதே வெளியே தெரிவதில்லை, அதற்காகச் சொல்கிறோம்.

நாங்கள் எங்கள் மாவட்டத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டிருக்கிறோம். பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல், கடந்த மூன்று ஆண்டில் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஆய்வு செய்யப்பட்டது, அதில் முன்னறிவிப்பு இல்லாமல் நடந்தவை எத்தனை, அறிக்கைகளின் நகல், ஒவ்வோர் இல்லத்திலும் பதிவான இறப்புகள். இவ்வளவுதான் கேட்டோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கும் இதே மனுவை நீங்கள் அனுப்பலாம், கட்டணம் பத்து ரூபாய். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். முதியவர் யாராவது ஆபத்தில் இருப்பது தெரிந்தால் அதற்குக் காத்திருக்க வேண்டாம், 14567 என்ற முதியோர் உதவி எண்ணை உடனே அழையுங்கள்.