ஓசி ஸ்பீக்கரும் சொந்தக் காசு ஸ்பீக்கரும்

வயலின் சத்தம் பத்தடி அகலத்துக்கு விரிகிறது, பியானோ இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீண்டு கிடக்கிறது, போதாக்குறைக்கு வாத்தியங்கள் அறைக்குள் அலைந்து திரிகின்றன. 1970 மே மாத இதழில் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை, போஸ் 901 என்ற ஸ்பீக்கரைப் பற்றி எழுதியதன் சாரம் இதுதான்.

போஸ் 901 கொஞ்சம் வினோதமான சாமான்தான். ஒரு பெட்டிக்குள் ஒன்பது சின்ன ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒன்று மட்டும் கேட்பவரைப் பார்த்திருக்கும், மீதி எட்டும் பின்சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கச்சேரி அரங்கில் காதுக்கு வருகிற சத்தத்தில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவதுதானே, வீட்டிலும் அப்படியே வரட்டுமே என்பது அதை உருவாக்கிய அமர் போஸின் எண்ணம். (எம்.ஐ.டி. பேராசிரியர். அப்பா கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன வங்காளி.) விமர்சனத்தைப் படித்த கம்பெனி திருத்தம் போடச் சொன்னது, பத்திரிகை முடியாது என்றது, விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

பல வருஷம் நடந்த அந்த வழக்கு கடைசியில் ஒரே ஒரு சொல்லில் போய் நின்றது என்றால் நம்புவீர்களா? சத்தம் 'அறை முழுக்க' அலைந்ததா, இல்லை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் சுவரோரமாக இடமும் வலமும் நகர்ந்ததா? பத்திரிகையில் வந்தது முதலாவது. சோதனை செய்த பொறியாளர் நிஜத்தில் கேட்டது இரண்டாவது. கோர்ட்டில் அவரைக் கேட்டபோது, எழுதியதற்கு அர்த்தமே சுவரோரமாக என்பதுதான் என்று சாதித்தார். படித்த மனிதர் இப்படிச் சொன்னால் எப்படி நம்புவது என்று கேட்ட மாவட்ட நீதிமன்றம் பத்திரிகைக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, சுமார் 1,15,000 டாலர் நஷ்ட ஈடும் விதித்தது. மேல்முறையீட்டில் அது தலைகீழானது. 1984 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகையின் பக்கமே நின்றது. எழுதியது தவறு என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. பொய் என்று தெரிந்தே எழுதியதாக நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான் என்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பத்திரிகைக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் கிடையாது. அதை நடத்தும் அமைப்பு 1936-ல் தொடங்கப்பட்டது. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கிற சாமானைக் கடையில் சாதாரண வாடிக்கையாளர் மாதிரியே காசு கொடுத்து வாங்குகிறது. விமர்சனம் எழுதுகிறவர் எவ்வளவு சுத்தமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுத்தம். அப்படியும் ஒரு சொல் தவறிப் போனது. தவறியதைவிட மோசம், அதைத் தவறு என்று ஒப்புக்கொள்ள எழுதியவரால் கடைசிவரை முடியவில்லை.

ஆனால் இயர்போன், கேமரா, பேனா, கிடார் என்று பொழுதுபோக்குச் சாமான்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். காசு வாங்கினானா?

கேட்க வேண்டிய கேள்விதான், சந்தேகமில்லை. ஆனால் நடப்பது பலரும் நினைக்கிற மாதிரி கவரில் பணம் கைமாறுகிற கதை இல்லை. சாமான் கடைக்கு வருமுன்பே விமர்சகருக்கு ஒன்று வந்துவிடும். முதலில் எழுதுகிறவருக்குத்தான் படிக்கிற கூட்டம் அதிகம். திட்டி எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், அடுத்த மாடல் மட்டும் வராது. கடையில் வாங்கி எழுதலாம் என்றால் அதற்குள் மூன்று வாரம் ஓடி, படிக்கிறவர்கள் வேறெங்கோ போயிருப்பார்கள். ஆக, கடுமையாக எழுதுகிறவர் மெல்ல மெல்லக் காணாமல் போகிறார், இனிமையாக எழுதுகிறவர் நிலைக்கிறார். லஞ்சம் என்று ஒரு பைசா கைமாற வேண்டியதில்லை! இன்னொரு வழி கமிஷன். விமர்சனத்தின் கீழே உள்ள இணைப்பை அழுத்தி வாங்கினால் எழுதியவருக்கு ஒரு பங்கு போகும். 'வாங்காதீர்கள்' என்று எழுதினால் பங்கு பூஜ்யம். ஹை-ஃபை உலகில் விமர்சகர்களுக்கென்று தனி சலுகை விலையே உண்டு. இப்போது சில இயர்போன் விமர்சகர்கள் தயாரிப்பாளரோடு சேர்ந்து தாங்களே ஒரு மாடலை வடிவமைத்து, விற்பனையில் பங்கும் வாங்கிக்கொண்டு, அதே கையால் மற்ற இயர்போன்களுக்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். பி.காம். முதல் வருஷ மாணவனைக் கேட்டால்கூட இது சம்பந்தப்பட்ட தரப்பினர் பரிவர்த்தனை, பேலன்ஸ் ஷீட் குறிப்பில் தனியாகக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவான்.

சட்டங்கள் வந்துவிட்டன. அமெரிக்காவில் எஃப்.டி.சி. 2009-ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, இலவசமாகச் சாமான் வாங்கி எழுதுகிறவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும் என்றது. இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட இடமுண்டு.

சரி, 'இது கம்பெனி அனுப்பியது' என்று ஒரு டிஸ்கி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை என்பது மட்டுமல்ல, சில சமயம் டிஸ்கி காரியத்தைக் கெடுக்கவே செய்யும். கெய்ன், லோவன்ஸ்டைன், மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு ஜாடி நிறையச் சில்லறைக் காசு. ஒருவர் தூரத்திலிருந்து சில நொடி மட்டும் பார்த்து, உள்ளே மொத்தம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டும். இன்னொருவர் ஜாடியைப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு அவருக்கு யோசனை சொல்வார். சிக்கல் எங்கே என்றால், முதல் ஆள் கூடுதலாக ஊகிக்க ஊகிக்க யோசனை சொல்கிறவருக்குக் கூடுதல் பணம். இந்த ஏற்பாட்டை முதல் ஆளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டபோது என்ன நடந்தது தெரியுமா? யோசனைக்காரர்கள் இன்னும் அதிகமாக ஏற்றிச் சொன்னார்கள். அதான் சொல்லியாச்சே, இனி அவன் பாடு என்ற நினைப்போ என்னவோ. கேட்டவர்களும் கொஞ்சம் கழித்துக்கொண்டார்களே தவிர, கழிக்க வேண்டிய அளவுக்குக் கழிக்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னதால் நஷ்டப்பட்டது கேட்டவர்தான்.

இதனால் டிஸ்கி வேண்டாம் என்று அர்த்தமில்லை. அது நுழைவுச் சீட்டு மாதிரி. சீட்டு வாங்கிவிட்டால் படம் பார்த்ததாக ஆகிவிடாது.

இதற்கு நேரெதிரே நிற்பவர் 'இது என் சொந்தக் காசில் வாங்கியது' என்கிறவர். அவரை ஹரிச்சந்திரன் மாதிரி பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அது சரிதானா என்று யோசிக்க வேண்டும். ஆறு மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்து ஹெட்போன் வாங்கிய ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்று கடை ஏறி இறங்கி, வீட்டில் திட்டு வாங்கி வாங்கியது. அது சுமார்தான் என்று அவன் எழுதுவானா? அவனுக்கே முதலில் அப்படித் தோன்றுமா? ஓசியில் வாங்கியவர் கம்பெனிக்குக் கடன்பட்டிருக்கிறார் என்றால், சொந்தக் காசில் வாங்கியவர் தன்னுடைய முடிவுக்கே கடன்பட்டிருக்கிறார். இரண்டாவதுதான் திருப்பி அடைக்கக் கஷ்டமான கடன், ஏனென்றால் அந்தக் கடன் இருப்பதே அவருக்குத் தெரியாது. இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பொழுதுபோக்கு என்றாலே அந்தச் சாமான்மேல் ஒரு காதல். காதலில் இருக்கிறவனைப் போய் நடுவராக உட்கார வைத்தால் இப்படித்தான்.

காது எந்த அளவுக்குக் கண் சொல்வதைக் கேட்கும் என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. ஹார்மன் என்ற ஆடியோ கம்பெனியில் இருந்த ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-ல் 40 பேரை உட்கார வைத்து நாலு ஸ்பீக்கர்களைக் கேட்கச் சொன்னார்கள். முதலில் திரை போட்டு மறைத்து, பிறகு கண்ணெதிரே வைத்து. நாற்பது பேரும் ஹார்மன் ஊழியர்கள், ஸ்பீக்கர் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள். திரையை எடுத்ததும் மதிப்பெண் மாறியது. பார்க்கப் பெரிதாக, விலை அதிகமாகத் தெரிந்தது ஏறியது, சின்னதாக, விலை குறைவாக இருந்தது இறங்கியது. இதற்கு முன்பே, 1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை சுமார் 200 டாலரிலிருந்து 12,000 டாலர் வரை விலையுள்ள ஆம்ப்ளிஃபையர்களைப் பெயர் தெரியாமல் கேட்க வைத்துப் பார்த்தது. பூவா தலையா போட்டுச் சொன்னதைவிட யாரும் சரியாகச் சொல்லவில்லை. தினமும் அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடிட்டிங் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லித் தருவது, ஆடிட்டர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும், அப்படி இருப்பது வெளியில் தெரியவும் வேண்டும் என்று. ஆனால் பாடம் அதோடு முடிவதில்லையே. எதைச் சரிபார்த்தார், எந்த ரசீதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று வொர்க்கிங் பேப்பர் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு இன்னொரு ஆடிட்டர் வந்து அதைப் புரட்டினால், இவர் அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று புரிய வேண்டும். பொழுதுபோக்கு விமர்சகர்கள் பலரிடம் இல்லாதது இந்த வொர்க்கிங் பேப்பர்தான். எத்தனை நாள் கேட்டார், எதனோடு ஒப்பிட்டார், ஒப்பிட்டபோது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருந்ததா? இது சின்ன விஷயம் இல்லை. துளி சத்தம் கூடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும், சத்தம் கூடியதே தெரியாமல். ஸ்பீக்கர் ஒயரில் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்து அளந்து இரண்டையும் சமப்படுத்தலாம், பத்து நிமிஷ வேலை. அறையில் ஒரு நண்பர் இருந்தால் எது ஓடுகிறது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லலாம். அதெல்லாம் முடியவில்லையா, 'பெயரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்' என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரியை எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

இதைவிடக் கஷ்டமானது, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதுவது. அப்போது பிரமாதம் என்றேன், இப்போது அலமாரியில் தூங்குகிறது என்று. இப்படி எழுதுகிறவர்கள் மிகச் சிலர். அவர்கள் சாமானை ஓசியில் வாங்கியிருந்தாலும் நம்பிப் படிக்கலாம். ஐந்து வருஷமாக ஒரு திருத்தம்கூடப் போடாதவரை, அவர் எல்லா ரசீதையும் ஸ்கேன் செய்து காட்டினாலும், கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். ஐந்து வருஷம் தவறே செய்யாத காது யாருக்கும் இல்லை.

அந்த வழக்கில் சாட்சி சொன்ன பொறியாளரைப் பற்றி உச்ச நீதிமன்றமே இதைத்தான் குறிப்பிட்டது. தவறு செய்தார், காட்டியபோது ஒப்புக்கொள்ள மறுத்தார், கடைசிவரை தவறே இல்லை என்று நிலைநாட்டப் பார்த்தார். சட்டப்படி அது குற்றமில்லை. 'சுவரோரமாக என்று எழுதியிருக்க வேண்டும்' என்று 1970-லேயே ஒரு வரித் திருத்தம் போட்டிருந்தால், கோர்ட் எதற்கு, வக்கீல் எதற்கு?

அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியை யாரும் ஞாபகம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. இவ்வளவு குறை சொல்லிவிட்டு, இது வழக்கத்துக்கு மாறான ஸ்பீக்கர், அதனால் வாங்க நினைக்கிறவர்கள் நேரில் போய்க் கேட்டு அவரவரே முடிவு செய்யட்டும், புதுசு என்கிற மோகம் தீர்ந்த பிறகும் பிடிக்குமா என்று நிச்சயமாகத் தெரியும்வரை பணத்தைப் போடாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். போஸ் 901 அதற்குப் பிறகும் நாற்பது வருஷத்துக்கு மேல் விற்றது.