அக்காவும் படிக்க வேண்டும்

விடிந்ததும் அம்மாவும் அப்பாவும் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். நடக்க முடியாத தம்பியைக் குளிப்பாட்டுவதும், சோறூட்டுவதும், வெளிக்குத் தூக்கிப் போவதும் பதினைந்து வயது அக்காதான். கல்லங்குறிச்சி போன்ற ஊர்களின் நம் தெருக்களில் இப்படிப்பட்ட அக்காக்களை நாம் அறிவோம். பேச்சு வராத தம்பிக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத்தான் புரியும். அவனை யாராவது கேலி செய்தால் முதலில் சண்டைக்குப் போவதும் அவளே. 'பொறுப்பான பிள்ளை' என்று மெச்சுகிறோம். அவள் பள்ளிக்குப் போகாத நாட்களை எண்ணுகிறோமா?

2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 2.45. இது விதியல்ல. சத்தில்லாத உணவும், நேரத்துக்குக் கிடைக்காத மருத்துவமும் நம்மை அதிகம் வாட்டுகின்றன.

40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கற்பிக்கவும், போக்குவரத்துக்கும், உடன் செல்பவருக்கான படிக்கும் இடமுண்டு. கடும் பாதிப்புள்ளோருக்குத் தமிழக அரசு பராமரிப்புத் தொகை தருகிறது. இவற்றை வட்டார வள மையத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் எழுத்தில் கேட்போம். கிராமசபையில் தீர்மானமாக்குவோம்.

அக்காவின் பாசம் தம்பிக்குக் கிடைத்த வரம். அதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவக் கூடாது; நாமும் அவள் படிப்பைப் பலி கொடுக்கக் கூடாது.