எண்ணெய் ஆட்டியவர் யார்?

ஆனி பிறந்து மேற்கு மலையில் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசிச் சாலைகள் நிரம்பி விடுகின்றன. குற்றாலத்துப் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வருவோர், உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து உடம்பெல்லாம் தேய்த்த பிறகே நீரில் நிற்பது என்பதைத் தலைமுறை தலைமுறையாக வழக்கமாகக் கொண்டிருந்தனர். எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓரத்தில் காத்திருந்து, கேட்டவருக்குத் தேய்த்துப் பிடித்துவிடுவதையே பிழைப்பாகக் கொண்ட தொழிலாளரும் அங்கு இருந்தனர். குற்றாலநாதர் கோவிலிலோ இறைவன் திருமேனிக்கு மூலிகைத் தைலம் சாத்தும் வழக்கம் உண்டு. ஊரே எண்ணெய் மணக்கும் ஊர். அருவியைப் பாடிய புலவர் பெயர் நமக்குத் தெரியும். கோவில் கட்டிய அரசர் பெயர் தெரியும். இத்தனை தலைகளுக்கும் விளக்குகளுக்கும் எண்ணெய் ஆட்டித் தந்தவர் யார் என்று ஏதேனும் ஒரு பலகையில் எழுதியிருக்கிறதா? நாம் பார்த்தவரையில் இல்லை.

எள்ளிலிருந்து வரும் நெய்யே எண்ணெய். பிறகு தேங்காயிலிருந்து வந்ததும் கடலையிலிருந்து வந்ததும் அப்பெயரையே பெற்றன. மண்ணைத் துளைத்து எடுத்ததைக்கூட மண்ணெண்ணெய் என்றே அழைத்தோம். 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்னும் ஊரில், எட்வின் டிரேக் என்பவர் கிணறு தோண்டி அந்த எண்ணெயைக் கண்டார். அவ்விடத்தில் இன்று அவர் பெயரால் அருங்காட்சியகம் நிற்கிறது. 1901-இல் சுத்திகரிப்பு ஆலை தொடங்கப்பட்ட அசாமின் திக்பாயிலும் அருங்காட்சியகம் உண்டு. நம் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய், அந்த எண்ணெயின் நிழலில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடுகளும் சிறு நினைவுச் சின்னங்களே. பெயரை இரவல் வாங்கிய எண்ணெய்க்கு இவ்வளவு மரியாதை. பெயரைக் கொடுத்த எள் நெய்க்கும் அதைப் பிழிந்தவர்க்கும் நாம் வைத்த சின்னம் யாது?

உடனே ஒருவர் எழுந்து, "வ. உ. சி. இழுத்த செக்கு இருக்கிறதே" என்பார். இருக்கிறது. 1908 ஜூலை 7-ஆம் நாள் சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கோவைச் சிறையில் அவரைச் செக்கில் பூட்டினர். தண்டனை பின்னர் குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார். அவர் இழுத்த செக்கை நினைவுச் சின்னமாகக் காக்கிறோம். செக்கிழுத்த செம்மல் என்று பாராட்டுகிறோம். தகும், நாமும் அவ்வாறே பாராட்டுகிறோம். ஆனால் அப்பாராட்டுக்குள் மறைந்திருக்கும் எண்ணம் ஒன்றைச் சற்று வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் ஒருவர், கப்பல் ஓட்டியவர், செக்கிழுக்க நேர்ந்ததே என்பதற்காகவே நமக்குக் கண்ணீர் சுரக்கிறது. வழக்கறிஞர் அல்லாதவர் செக்கோடு வாழ்நாள் முழுவதும் சுற்றியபோது அது ஏன் சுரக்கவில்லை?

சிறையில் நடந்த கொடுமை, மாட்டின் நுகத்தடியில் மனிதனைப் பூட்டியது. அது மனித மாண்புக்கு எதிரான குற்றம். செக்குத் தொழில் இழிவானது என்பதற்கு அது சான்றாகாது. நாமோ இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விட்டோம். சிதம்பரனார் இதை ஏற்றிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. சிறை செல்வதற்குச் சில நாள்கள் முன்புதான், 1908 பிப்ரவரி இறுதியில், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு முன்னின்று ஊதிய உயர்வு பெற்றுத் தந்தவர் அவர்.

செக்கு வேலையை எளிதென்று எண்ணுவோர் ஒரு பகல் அதன் அருகே நின்று பார்த்திருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். எள்ளைப் புடைத்து, மண்ணும் கல்லும் நீக்கி, வெயிலில் பதமாகக் காயவைப்பது பெரும்பாலும் பெண்கள் பாடு. கல்லிலோ வாகை மரத்திலோ குடைந்த உரலில் அதைக் கொட்டி, உலக்கையைப் பொருத்தி, பாரம் ஏற்றி, மாட்டின் கண்ணை மறைத்துப் பூட்டுவர். எள் மசிந்து வரும் வேளையில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, நீர் தெளிக்க வேண்டும். குறைந்தால் எண்ணெய் பிரியாது. மிகுந்தால் பிண்ணாக்கு குழைந்து எண்ணெய் கலங்கிவிடும். இந்த அளவை எந்தத் தராசும் சொல்வதில்லை. ஆட்டுகிறவரின் விரல் நுனி சொல்லும், மூக்கு சொல்லும், உலக்கை உரலில் உரசும் ஓசை மாறுவதைக் கேட்டறியும் காது சொல்லும். எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். அதை அவளிடமிருந்து வாங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுற்றவேண்டும் என்று முதியவர் ஒருவர் எள்ளைப் பெண்பாலாக்கிப் பேசியது நம் நினைவில் இருக்கிறது. (அந்தக் கருப்பட்டிக்காகப் பனையேறியவர் உயிரைப் பணயம் வைத்தது தனிக்கதை. ஒரு கரண்டி எண்ணெயில் எத்தனை பேருடைய வியர்வை!)

பின்னர் இரும்பு ரோட்டரியும் எக்ஸ்பெல்லரும் வந்தன. மாடு விடுபட்டது, மனிதன் விடுபடவில்லை. சூடும் இரைச்சலும் வழுக்கும் தரையும் அவன் பங்காயின. ஓடும் வாரில் விரலைப் பறிகொடுத்தவர்களை நாம் அறிவோம்.

இவர்களுக்குச் சமூகம் கொடுத்த பரிசு என்ன? எண்ணெய்க்காரர் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பியது. மந்த புத்தியுள்ளவனைச் செக்குமாடு என்றது. செக்கு எது, சிவலிங்கம் எது என்று அறியாதவன் என ஏளனம் செய்தபோது, செக்கை இழிவின் பக்கமே நிறுத்தியது. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்னும் பழமொழி ஒன்றுதான் சற்று நியாயம் பேசுகிறது. அதுவும்கூட எண்ணெய் குடித்தவனின் உடல்நலத்தை எண்ணியே. ஆட்டியவனின் நலத்தை எண்ணி அன்று.

சைவ நண்பர்களிடம் நாம் ஒன்றைக் கற்கலாம். அறுபத்து மூவருள் ஒருவரான கலிய நாயனார் திருவொற்றியூரில் எண்ணெய்த் தொழில் செய்தவர். செல்வம் போன பின் கூலிக்குச் செக்காட்டி, அந்தக் கூலியில் கோவில் விளக்கேற்றியவர். அதுவும் இயலாதபோது தம் குருதியையே விளக்குக்கு வார்க்கத் துணிந்தார் என்கிறது பெரியபுராணம். கூலிக்குச் செக்காட்டியவரை அவர்கள் திருக்கோவிலுக்குள் சிலையாக நிறுத்தி வணங்குகிறார்கள்.

நாம்? கிறிஸ்து என்னும் சொல்லுக்கே எண்ணெயால் அருள்பொழிவு பெற்றவர் என்பது பொருள். எனவே கிறிஸ்தவன் என்னும் நம் பெயரே எண்ணெய்ப் பிசுக்குள்ள பெயர். ஆண்டவர் இரத்த வியர்வை வியர்த்த கெத்சமனி என்பதற்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். புனித வியாழன் இரவில் நாம் முழந்தாளிட்டுத் தியானிக்கும் இடம், ஒரு தொழிலாளி பகலெல்லாம் ஒலிவம் பிழிந்த இடம். யோபு நூலின் 24-ஆம் அதிகாரம், பிறருக்காக எண்ணெய் பிழிந்தும் ஆலையில் திராட்சை மிதித்தும் தாகத்தோடு வாடும் ஏழைகளைக் காட்டி, கடவுள் காணாதிருப்பதேன் என்று கேட்கிறது. மீக்கா இறைவாக்கினரோ, ஒலிவம் பிழிந்தும் அந்த எண்ணெயைப் பூசிக்கொள்ள இயலாத நிலையைச் சாபமாகவே கூறுகிறார். அச்சாபம் பழைய இஸ்ரயேலோடு முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டா. நல்லெண்ணெய் ஆட்டும் கைகளின் வீட்டில் பாமாயில் கொதிப்பதை நாம் கண்டிருக்கிறோம். 1994-இல் பாமோலின் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. 2007 முதல் நம் நியாயவிலைக் கடைகளில் அது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஏழைக்குக் கிடைப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆட்டியவனுக்கு ஆட்டிய எண்ணெய் எட்டாமற் போனதையே சொல்கிறோம்.

திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம், நோயில்பூசுதல் எனத் தொட்டிலிலிருந்து படுக்கை வரை நம்மைத் தொடர்வது எண்ணெய். முன்பு அது ஒலிவ எண்ணெயாகவே இருக்கவேண்டும் என்றிருந்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், ஒலிவ எண்ணெய் கிடைக்காத அல்லது கிடைப்பதற்கு அரிதான நாடுகளை எண்ணி, வேறு தாவர எண்ணெயையும் நோயில்பூசுதலுக்குப் பயன்படுத்தலாம் என்றார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 847-ஆம் சட்டத்தில், ஒலிவத்திலிருந்தோ பிற செடிகளிலிருந்தோ பிழிந்த எண்ணெய் என்றே கூறுகிறது. கதவு திறந்து இத்தனை ஆண்டுகளாயின. நாம் இன்னும் கடல் கடந்து வந்த புட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலிக்கு நம் தென்காசி வட்டாரத்தில் ஆட்டிய நல்லெண்ணெய் ஏன் செல்லலாகாது? அதை ஆட்டியவரே, தம் வேட்டி சட்டையோடு, ஆயரிடம் ஏந்திச் சென்று கொடுத்தால் திருவழிபாட்டின் மாண்பு குறைந்துவிடுமா?

மரபு கெடும் என்பார் சிலர். மரபு என்பது ஒலிவ மரமா, அல்லது எந்த மண்ணில் எது விளைகிறதோ அதைக் கொண்டு கடவுளிடம் வருவதா? பாலஸ்தீனத்தில் ஒலிவம் ஏழையின் வீட்டு எண்ணெய். இங்கே அது செல்வர் கடையில் கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. பொருள் தலைகீழாகிவிட்டதை நாம் கவனிக்கவில்லை.

வேறு சிலர், "இப்போதுதான் மூலைக்கு மூலை மரச்செக்கு எண்ணெய்க் கடை வந்துவிட்டதே, செக்குக்கு மதிப்புத் திரும்பிவிட்டதே" என்கின்றனர். உண்மை, மரத்துக்கு மதிப்புத் திரும்பியிருக்கிறது. பெயர்ப் பலகையில் மாடு இருக்கிறது; உள்ளே மோட்டார் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே நின்று எள் அள்ளிப் போடுகிறவர் நாள் கூலிக்காரர். புட்டியின் மேல் எந்த மரம், எந்த எள், எந்த வெல்லம் என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறது. மனிதர் மட்டும் இல்லை. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலையின் மதிப்பு அது எவ்வகை வேலை என்பதில் இல்லை, அதைச் செய்கிறவர் மனிதர் என்பதில் உள்ளது என்று கற்பித்தார். அந்தச் சுற்றுமடலை நாம் மறையுரையில் மேற்கோள் காட்டுகிறோம். பிறகு கோவிலின் குழல்விளக்கில் ஒளியை மறைக்குமளவுக்கு நன்கொடையாளர் பெயரை எழுதுகிறோம்.

முன்னோடி என்று சொல்லத்தக்க ஒருவரைக் கிறிஸ்தவராகிய நாமே மறந்தோம். 1892-இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் காந்தியடிகள் நிறுவிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர். பணக்கணக்கு பார்க்கும் தொழிலில் தேர்ந்த அவர், கிராமத்துச் செக்காட்டியின் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார். அச்சங்கத்தில் ஜவேர்பாய் பட்டேல் என்பவர் செக்கைச் சீர்திருத்தி, மாட்டுக்கும் மனிதனுக்கும் பாடு குறைந்து எண்ணெய் மிகுதியாக வர வழி தேடினார். குமரப்பா சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனையைப் பற்றி ஒரு நூலும் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இறுதிக் காலத்தை மதுரைக்கு அருகே கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30-இல் மறைந்தார். நற்செய்தியையும் எண்ணெய்ச் செக்கையும் ஒரே கையால் தொட்ட அத்தமிழரைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பர்? கத்தோலிக்கர் அல்லர் என்பதால் விட்டுவிட்டோமோ?

அருவிகளில் எண்ணெயும் சோப்பும் பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. நீரைக் காக்கும் அந்த ஆணை நல்லதே. ஆயினும் சோப்புக் கம்பெனிக்கு வேறு ஆயிரம் ஊர் உண்டு. எண்ணெய்க் கிண்ணத்தோடு அமர்ந்திருந்தவருக்கு அந்த ஓர் இடம்தான் இருந்தது. அவர் எங்கே போனார் என்று நம் பங்குப் பேரவைகள் ஒரு முறையேனும் கேட்டதுண்டா?

பிறரை நோக்கிக் கை நீட்டிப் பேசிவிட்டு நம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. நாம் பணியாற்றிய ஒரு பங்கில் எண்ணெய் ஆலைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். செக்கு நாளிலேயே வேலைக்கு வந்து, பிறகு எக்ஸ்பெல்லரோடு முதுமை அடைந்தவர். நற்கருணைப் பேழையின் முன் எரியும் விளக்குக்கு ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு முன் ஒரு தகரம் எண்ணெய் கொண்டுவந்து வைப்பார். திருவிழா அழைப்பிதழில் அவர் பெயர் வந்ததில்லை; அவரும் கேட்டதில்லை. அவருடைய மகளின் திருமணத்தின்போது பதிவேட்டில் தந்தையின் தொழில் என்னும் கட்டத்துக்கு வந்தோம். பேனாவை எடுத்ததும் அவர் குனிந்து, மெல்லச் சொன்னார்: "வியாபாரம்னு போட்டிருங்க சாமி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்ப்பாங்க."

அந்தக் கணம் நாம் அவரிடம் ஏதேனும் சொல்லியிருக்கலாம். மணப்பந்தலில் ஆட்கள் காத்திருந்தார்கள், நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் கேட்டபடியே எழுதிவிட்டோம். சில ஆண்டுகளில் அவர் இறந்தார். அடக்கச் சடங்கில் அவருடைய நெற்றியைத் தொட்டபோது நம் விரலில் அர்ச்சித்த எண்ணெயின் மணமா, அவருடைய ஆலையின் மணமா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தப் பதிவேடு இன்றும் அப்பங்கின் அலமாரியில் இருக்கிறது. மகளின் பெயருக்கு நேரே, தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில், 'வியாபாரம்' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து நம்முடையது.