விருந்தாளி கண்ட சிறையும் கைதி கண்ட சிறையும்

ருஷ்ய இலக்கியம் என்றவுடன் தமிழ் வாசகர் பலருக்கும் நினைவுக்கு வருவது மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் நூல்கள்தாம். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுசென்று மலிவு விலைக்கு விற்றார்கள். சொற்பச் சம்பளக்காரரும் வாங்க முடிந்தது. மாதுங்காவிலும் தாராவியிலும் பலர் சேர்ந்து குடியிருந்த அறைகளில், டிரங்குப் பெட்டிக்குள் துணிமணிகளுக்கு அடியில் கார்க்கியின் 'தாய்' இருந்ததுண்டு.

அவை நல்ல நூல்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புத்தக வண்டியில் ஏறாத நூல்களும் ருஷ்ய மொழியில் இருந்தன. அந்நாட்டு மக்கள் 20-ம் நூற்றாண்டில் பட்ட பாட்டை அறிய வேண்டுமானால் அவற்றைத்தான் தேட வேண்டும்.

கார்க்கியையே எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் பெற்றோரை இழந்து, வோல்கா நதிக் கப்பலில் தட்டுக் கழுவி, ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்து வளர்ந்தவர். அந்தப் பாட்டை எழுதியபோது அவருடைய ஒவ்வொரு வரியும் நம்பும்படி இருந்தது. அதே கார்க்கி 1929-ல் வெண்கடலிலுள்ள சொலோவ்கி தீவின் கைதி முகாமைப் பார்க்கப் போனார். அதிகாரிகள் சுற்றிக் காட்டினார்கள். திரும்பி வந்து புகழ்ந்து எழுதினார். 1934-ல், கைதிகளைக் கொண்டு வெட்டிய வெண்கடல்-பால்டிக் கால்வாயைப் போற்றும் நூலுக்கு ஆசிரியர்களில் ஒருவராகவும் இருந்தார். அந்தக் கால்வாய் வேலையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

வறுமையை அறிந்தவருக்கு முகாம் ஏன் தெரியவில்லை? வறுமையை அவர் அனுபவித்தார். முகாமுக்கு விருந்தாளியாகப் போனார். அவ்வளவுதான்.

அதே 1929-ல் வார்லம் ஷலாமோவ் என்ற இளைஞர் கைதாகி, யூரல் பகுதியில் விஷேரா முகாமுக்கு அனுப்பப்பட்டார். லெனினின் கடைசி அறிவுரை எனப்பட்ட கடிதத்தை ரகசியமாக அச்சிட உதவியதே அவர் செய்த குற்றம். 1937-ல் மறுபடியும் கைது. இம்முறை கோலிமா தங்கச் சுரங்கம். பிழைத்து வந்தபின் அவர் எழுதிய 'கோலிமாக் கதைகள்' பக்கக் கணக்கில் சின்னச் சின்னக் கதைகள். ஆனால் எதிலும் ஆறுதல் என்பது மருந்துக்கும் கிடையாது. பசியும் குளிரும் மனிதனைப் புடம் போடும் என்று சொல்பவர்களை அவர் ஏற்கவில்லை. முகாம் எவருக்கும் எந்த நன்மையும் கற்றுத்தராது என்பதே அவர் கட்சி.

அனுபவித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. அலெக்சாண்டர் சோல்செனிட்சினும் 8 ஆண்டு தண்டனை அனுபவித்தவர்தான். நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினைக் குறை கூறியதற்காக 1945-ல் போர்முனையிலேயே கைதானவர். 'இவான் டெனிசோவிச்சின் வாழ்க்கையில் ஒரு நாள்' 1962 நவம்பரில் 'நோவி மீர்' பத்திரிகையில் வந்தபோது நாடே பரபரத்தது. அதைப் பாராட்டிக் கடிதம் எழுதிய ஷலாமோவ் ஒரு கேள்வியும் கேட்டார்: முகாமில் பூனை நடமாடுவதாக எழுதியிருக்கிறீர்களே, நிஜ முகாமானால் அதை எப்போதோ அடித்துத் தின்றிருப்பார்களே?

இந்த ஒரு பூனையில் எத்தனை விஷயம் இருக்கிறது! கஜகஸ்தானில் 1950-களின் தொடக்கத்தில் செங்கல் அடுக்கியவருக்குப் பூனை தெரிந்தது. கோலிமாவில் 1938-ஐக் கடந்தவருக்கு அது நம்ப முடியாத பூனை. இருவரும் பொய் சொல்லவில்லை. அரசாங்க அறிக்கையில் இந்த வேறுபாடு ஒருநாளும் வராது.

இத்தகைய எழுத்துக்கு அரசு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு வசீலி கிராஸ்மன் கதை போதும். செஞ்சேனையின் பத்திரிகைக்கு ஸ்டாலின்கிராட் களத்திலிருந்து செய்தி அனுப்பியவர் அவர். பெர்டிச்சேவ் ஊரில் இருந்த அவருடைய தாயை 1941-ல் நாஜிகள் கொன்றார்கள். 'வாழ்வும் விதியும்' நாவலில் ஒரு தாய் சாவதற்கு முன் மகனுக்கு எழுதும் நீண்ட கடிதம் வருகிறது. கிராஸ்மனுக்கு அப்படியொரு கடிதம் வரவே இல்லை. வராத கடிதத்தை அவரே எழுதிக்கொண்டார். 1961-ல் ரகசியப் போலீசார் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் பிரதியை மட்டுமல்ல, கார்பன் தாளையும் டைப்ரைட்டர் ரிப்பனையும்கூட எடுத்துச் சென்றார்கள். ரிப்பனில் எழுத்துப் பதிந்திருக்கும் என்பது ஆபீசில் டைப் அடித்த எவருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரிந்திருந்தது. 1964-ல் அவர் இறந்தார். நண்பர்கள் மறைத்து வைத்த பிரதியிலிருந்து நாவல் 1980-ல் சுவிட்சர்லாந்திலும், 1988-ல்தான் சோவியத் நாட்டிலும் வெளிவந்தது.

இவற்றையெல்லாம் எழுதுவது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்று அன்று அங்கே சொன்னார்கள். இங்கும் சொன்னவர்கள் உண்டு. போரில் அந்த நாட்டுக்காகக் களத்தில் நின்றவரையும், லெனின் கடிதத்துக்காகச் சிறை சென்றவரையும் எதிரி என்றால் தோழர் யார்?

சோவியத் ஆட்சி 1991-ல் முடிந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. ஆப்கன் போரில் இறந்தவர்களைத் துத்தநாகப் பெட்டிகளில் பெற்றுக்கொண்ட தாய்மார்களின் வாக்குமூலத்தை நூலாக்கிய ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் மின்ஸ்க் நகரில் வழக்கைச் சந்தித்தார். வழக்குப் போட்டவர்களில் அவரிடம் பேசிய தாய்மார்களும் இருந்தார்கள் என்பது வேதனை. பின்னர் 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லுத்மிலா உலீட்ஸ்கயா மரபணுத் துறையில் வேலை பார்த்தவர். தடை செய்யப்பட்ட நூலை டைப் அடித்த விவகாரத்தில் 1970-ல் வேலை போனது. அந்த ரகசிய டைப்ரைட்டர் காலத்தையே பிற்பாடு 'பெரிய பச்சைக் கூடாரம்' நாவலில் எழுதினார். 2022-ல் உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கியதும் அதைக் கண்டித்து ஜெர்மனிக்குப் போய்விட்டார். 2024 மார்ச்சில் ருஷ்ய அரசு அவரை 'வெளிநாட்டு ஏஜெண்டு' என்று அறிவித்தது. அப்படி அறிவிக்கப்பட்டவர்களின் நூல்களை ருஷ்யக் கடைகளில் பிளாஸ்டிக் உறையில் மூடி, 18 வயது முடிந்தவர்களுக்கு மட்டும் என்று குறித்து விற்றார்கள்.