ஆய்வகம் என்னும் பொறுப்பு

ஒரு வினாவிற்கு விடை தேடுவது ஓர் ஆற்றல். அத்தேடலில் பலரை ஒன்றிணைத்து வழிநடத்துவது வேறோர் ஆற்றல். முதலாவது ஆற்றலை வளர்க்கப் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகள் பயிற்சி அளிக்கின்றன. இரண்டாவதை இளம் அறிவியலாளர் எங்கே கற்பது?

முனைவர் பட்டத்திற்காக ஓர் ஆய்வாளர் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கிறார். சோதனை செய்யவும் முடிவுகளை ஆராயவும் கட்டுரை எழுதவும் கற்றுத் தேர்கிறார். பின்னர் ஒருநாள் பல்கலைக்கழகத்தில் பணி கிடைக்கிறது. அன்றுமுதல் வெற்று அறையொன்றை ஆய்வகமாக மாற்றுவது அவர் கடமையாகிறது. எக்கருவியை முதலில் வாங்குவது, நிதியுதவிக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, எத்தகைய மாணவரைச் சேர்ப்பது, மாணவரிடையே பிணக்கு எழுந்தால் எப்படித் தீர்ப்பது என அடுக்கடுக்காக வினாக்கள் எழுகின்றன. இவற்றுக்கான பயிற்சியைப் பலர் அதுவரை பெற்றிருப்பதில்லை.

ஆய்வகத்தை நடத்தும் முறை அறிவியலின் வளர்ச்சிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு மாக்ஸ் பெரூட்ஸின் பணி சான்றாகும். 1947ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவரும் ஜான் கென்ட்ரூவும் ஒரு சிறிய ஆய்வுப்பிரிவைத் தொடங்கினர். அது வளர்ந்து, 1962இல் மூலக்கூறு உயிரியல் ஆய்வகமாகப் புதிய கட்டடத்தில் குடியேறியது. அதே ஆண்டில் இருவரும் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். பெரூட்ஸ் இயக்குநர் பதவியை ஏற்காமல் ஆட்சிக்குழுவின் தலைவராகவே இருந்தார். முதன்மையான முடிவுகளைக் குழுவே எடுத்தது. கருவிகள் பலருக்கும் பொதுவாக இருந்தன. அவருடைய மனைவி கீசெலா பொறுப்பேற்று நடத்திய உணவகத்தில் மூத்த அறிஞரும் இளம் மாணவரும் ஒன்றாக அமர்ந்து உரையாடினர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1999இல் சேர்ந்ததும் இவ்வாய்வகத்தில்தான். அவர் 2009இல் நோபல் பரிசு பெற்றார். நன்கு அமைந்த ஆய்வகம், அதை அமைத்தவரின் காலத்திற்குப் பின்னும் பயன்தருகிறது.

'பெரூட்ஸுக்கு யார் பயிற்சி அளித்தார்? பட்டறிவே ஆசான் அன்றோ?' எனச் சிலர் வினவலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், சிறிய பிரிவைப் பேராய்வகமாக வளர்க்க அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்தன. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஏறத்தாழ ஆறாம் ஆண்டிலேயே ஒருவருடைய பணி நிலைக்குமா என்பது முடிவாகிவிடுகிறது. மேலும், தலைவர் செய்யும் தவற்றின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. குறிப்பேடுகள் முறையாகப் பேணப்படாத ஆய்வகத்தில், ஒருவர் செய்த சோதனையை அடுத்து வருபவர் தொடர இயலாது. கட்டுரையில் எவர் பெயர் முதலில் இடம்பெறும் என்பதை முன்கூட்டியே பேசாதபோது நட்பு பகையாகிறது. மாணவரின் இளமையில் சில ஆண்டுகள் வீணாகின்றன. அவ்வாண்டுகளை எவ்வளவு நிதி கொடுத்தும் மீட்க இயலாது.

ஆய்வகம் நடத்துதல் கற்பிக்கக்கூடியதே. அமெரிக்காவின் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பரோஸ் வெல்கம் நிதியமும் இணைந்து 2002இல் இளம் அறிவியலாளர்க்கு இத்தகைய பயிற்சியை நடத்தின. பணியாளரைத் தேர்ந்தெடுத்தல், மாணவரை வழிநடத்தல், நேரத்தைத் திட்டமிடல், கூட்டாய்வு முதலியவை அதில் கற்பிக்கப்பட்டன. அதன் அடிப்படையில் 2004இல் நூலும் வெளிவந்தது. இந்தியாவிலும் உயிர் அறிவியல் துறையில் இளம் ஆய்வாளர்கள் மூத்தோரைச் சந்தித்து அறிவுரை பெறும் கூட்டம் 2009இல் தொடங்கப்பட்டது.

இவை நல்ல தொடக்கங்கள். எனினும், சில நாள் கூட்டங்கள் மட்டும் போதா. முனைவர் பட்டக் காலத்திலேயே நிதி விண்ணப்பம் எழுதவும், இளைய மாணவர் ஒருவருக்கு வழிகாட்டவும் பழக்க வேண்டும். புதிதாகப் பணியேற்போர்க்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் துணைநிற்க வேண்டும். இதனால் அறிவியலாளர் அலுவலராகிவிடுவார் என அஞ்ச வேண்டியதில்லை. ஒழுங்காக நடக்கும் ஆய்வகமே சிந்திப்பதற்கு நேரம் தருகிறது.

இப்பண்புகள் பள்ளி ஆய்வகத்திலேயே அரும்பத் தொடங்குகின்றன. பிழையான அளவீட்டையும் மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதும் மாணவரும், கருவியைத் தூய்மைசெய்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் மாணவரும் அறிவியலோடு பொறுப்பையும் கற்கின்றனர். நாளை ஓர் ஆய்வகத்தின் கதவைத் திறக்கும்போது, அப்பொறுப்பே அவர்களுக்குத் துணைநிற்கும்.