கருங்காலி!

வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள் நழுவுகிறவனைக் கருங்காலி என்கிறோம். ஆங்கிலத்திலும் அவன் பெயர் 'பிளாக்லெக்'. பிளாக் கருப்பு, லெக் கால்! 18ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தய மோசக்காரனைக் குறித்த சொல் அது. 19ஆம் நூற்றாண்டில் தொழிலாளர் அதைத் துரோகிக்குச் சூட்டினர். முன்னவன் திருடியது பணத்தை. இவன் திருடுவது தோழனின் சோற்றையல்லவா!

1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர், மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு வேலையை நிறுத்தினர். முதலாளிகள் கருங்காலிகளைத் தேடினர். தொழிலாளர் காவல் நின்று தடுத்தனர். ஆஸ்திரேலியாவிலிருந்து 30,000 பவுனுக்குமேல் உதவி வந்தது. 5 வாரத்தில் வெற்றி!

தோழர்களே, கருங்காலிகளில் காசுக்கு விலைபோனவன் உண்டு. பிள்ளையின் பசி பொறுக்காமல் போனவனும் உண்டு. அவனை ஏசினால் மட்டும் போதுமா? போராட்ட நிதி சேர்ப்போம். வீட்டில் அடுப்பெரிந்தால், அவனும் நம் அணியிலே நிற்பான்!